மரக்காட்சியையும் உரைப்பெட்டிகளையும் இணைப்பது எப்படி? டிகேஇன்டர் செய்முறை

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறார். அல்சூர், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் என மூன்று பகுதிகளில் அவருக்கு வாடிக்கை வீடுகள் உண்டு. எந்த வீட்டுக்கு எத்தனை பாக்கெட் என்ற கணக்கு மாவு படிந்த ஒரு நோட்டில் இருந்தது. அதைக் கணினிக்கு மாற்ற நான் எழுதிய நிரலை வைத்தே இந்தப் பாடத்தைச் சொல்கிறேன்.

இடப்பக்கம் பகுதிவாரியாகக் கிளைவிடும் மரக்காட்சி. வலப்பக்கம் பெயர், தொலைபேசி, பாக்கெட் என மூன்று உரைப்பெட்டிகள். வீட்டைத் தேர்ந்தெடுத்தால் பெட்டிகள் நிரம்ப வேண்டும். பெட்டியில் திருத்தினால் மரமும் மாற வேண்டும்.

பைத்தான் நிரல்மொழியோடு வரும், சாளரங்களும் பெட்டிகளும் அமைக்க உதவும் டிகேஇன்டர் போதும். உபுண்டு போன்ற சில லினக்ஸ் வகைகளில் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன், நிரலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

படி 1: தரவுக்கு ஒரே வீடு

டிகேஇன்டரின் டிடிகே பகுதியிலுள்ள ட்ரீவியூவை, அதாவது மரக்காட்சியை, உருவாக்கி, இன்சர்ட் கட்டளையால் முதலில் மூன்று பகுதிகளையும் சேருங்கள். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் கீழே அதன் வீடுகளைச் சேருங்கள். இன்சர்ட் ஒவ்வொரு முறையும் ஓர் அடையாளக் குறியைத் திருப்பித் தரும். அதைத் தவறவிடாதீர்கள். அதையே சாவியாக வைத்து, ‘வீடுகள்’ என்ற டிக்ஷனரியில் (சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் பைத்தான் தொகுப்பு) பெயர், எண், பாக்கெட் மூன்றையும் போட்டு வையுங்கள். மரமும் பெட்டிகளும் தரவைக் காட்டுகின்றன, அவ்வளவுதான். தரவு குடியிருப்பது டிக்ஷனரியில்.

ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெங்களூரு தரைவழி எண்கள் 080 என்று தொடங்கும். அதை மரத்தில் வைத்துவிட்டு, ஐட்டம் கட்டளை தரும் முழு விவரத்திலிருந்து வேல்யூஸை, அதாவது மதிப்புகளை, எடுத்தால், டிகேஇன்டர் அதை முழு எண்ணாக மாற்றிவிடும். முன்னால் இருந்த சுழியம் காணாமல் போய் 80 என்று வந்து நிற்கும். “இந்த எண்ணுக்குப் போனே போகவில்லையே தம்பி” என்று அக்கா கேட்ட பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

படி 2: தேர்வைக் கவனித்தல்

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் சுட்டியின் சொடுக்கு நிகழ்வில் பைண்ட் செய்துவிடுகிறார்கள், அதாவது அந்த நிகழ்வோடு தங்கள் செயற்கூற்றை இணைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். சொடுக்கு நிகழ்வு வரும் நேரத்தில் தேர்வு இன்னும் மாறியிருக்காது, அதனால் முந்தைய வீட்டின் விவரமே பெட்டிகளில் வரும். அம்புக்குறி விசையால் நகர்ந்தாலோ எதுவுமே நடக்காது. இரட்டைக் கோண அடைப்புக்குள் எழுதப்படும் ட்ரீவியூசெலெக்ட் நிகழ்வில், அடுத்த படியில் வரும் ‘நிரப்பு’ செயற்கூற்றை பைண்ட் செய்யுங்கள்.

படி 3: பெட்டிகளை நிரப்புதல்

மூன்று பெட்டிகளுக்கும் மூன்று ஸ்ட்ரிங்வார் (உரையை வைத்திருக்கும் டிகேஇன்டர் மாறி) உருவாக்கி, டெக்ஸ்ட்வேரியபிள் வழியாக இணையுங்கள். ‘நிரப்பு’ என்ற செயற்கூற்றில் செலெக்ஷன் கட்டளையைக் கூப்பிட்டால் தேர்ந்தெடுத்த குறிகளின் தொகுப்பு கிடைக்கும். அது காலியாகவும் இருக்கலாம். காலியென்றால் உடனே திரும்பிவிடுங்கள். குறி டிக்ஷனரியில் இல்லையென்றால் அது ஒரு பகுதியின் பெயர்; பெட்டிகளை வெறுமையாக்குங்கள். இருந்தால் மூன்று மதிப்புகளையும் செட் செய்யுங்கள்.

படி 4: பெட்டியிலிருந்து மரத்துக்கு

சேமிப்புப் பொத்தான் வைப்பது எளிது. ஆனால் கடையில் வேலை நடுவே அதை அழுத்த மறந்துவிடுவார்கள் என்பதால், தட்டத் தட்டவே பதிய வைத்தேன். ஒவ்வொரு ஸ்ட்ரிங்வாரிலும் ட்ரேஸ்_ஆட் மூலம் ரைட் (எழுதுதல்) நிகழ்வுக்கு ‘பதி’ என்ற செயற்கூற்றைக் கொடுங்கள். அதற்கு மூன்று மதிப்புகள் வந்து சேரும், அவற்றை ஏற்கும்படி எழுதுங்கள். ‘பதி’ மூன்று பெட்டிகளையும் படித்து முதலில் டிக்ஷனரியில் எழுதும், பிறகு மரத்தில் எழுதும்.

இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. காக்ஸ் டவுனில் முதல் வீட்டிலிருந்து இரண்டாம் வீட்டுக்கு நகர்கிறீர்கள். ‘நிரப்பு’ முதலில் பெயரை மாற்றுகிறது. அந்தக் கணமே ‘பதி’ ஓடுகிறது. பெயர்ப் பெட்டியில் இரண்டாம் வீடு. தொலைபேசிப் பெட்டியில் இன்னும் முதல் வீட்டின் எண். அப்படியே இரண்டாம் வீட்டின் கணக்கில் எழுதிவிடுகிறது. அடுத்து ‘நிரப்பு’ எண்ணை எடுக்கப் போகும்போது டிக்ஷனரியிலேயே தவறான எண்தான் இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியலில் கீழே நகர நகர எல்லா வீட்டுக்கும் ஒரே எண் பரவிவிடும்.

தீர்வு ஒரு சிறு கொடி, அதாவது மெய் அல்லது பொய் என்று மட்டும் வைக்கும் மாறி. ‘நிரப்புகிறது’ என்ற மாறியைத் தொடக்கத்தில் பொய்யாக வையுங்கள். ‘நிரப்பு’ பெட்டிகளைத் தொடும் முன் அதை மெய்யாக்கி, முடிந்ததும் பொய்யாக்கட்டும். ‘பதி’ தன் முதல் வரியில் அதைப் பார்த்து, மெய்யாக இருந்தால் எதுவும் எழுதாமல் திரும்பட்டும். பகுதியின் பெயர் தேர்வில் இருந்தாலும் அது திரும்பிவிட வேண்டும்.

படி 5: சோதனை

ஒரு வீட்டின் எண்ணை 080 என்று தொடங்கும்படி திருத்துங்கள். கீழ் அம்புக்குறியை அழுத்தியபடியே பட்டியலின் கடைசி வரை போய், மேலேறித் திரும்பி வாருங்கள். அந்தச் சுழியம் அங்கேயே இருக்க வேண்டும், பக்கத்து வீட்டு எண்ணும் மாறாமல் இருக்க வேண்டும்.