நல்ல சைபர்பங்க் கேம் வேண்டுமா? இப்படித் தேடுங்கள்

கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ‘சைபர்பங்க்’ (தொழில்நுட்பம் உச்சத்திலும் வாழ்க்கை அடிமட்டத்திலும் இருக்கும் எதிர்கால நகரக் கதைகள்) என்று மட்டும் தட்டினால், நியான் விளக்கைப் பூசிய சுடும் கேம்களே வரிசைகட்டும். கூடவே கதைக்கான டேக் (வகைக்குறி) ஒன்றையும் சேருங்கள். விலையை 20 வெள்ளிக்குள் வைத்து, விளையாடியவர்களின் மதிப்புரைப்படி வரிசைப்படுத்துங்கள். விளையாடியவர்கள் பாராட்டிய கேம்கள் மேலே வரும்.

அப்புறம் ட்ரெய்லரில் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த ஊரில் நாம் என்ன வேலை செய்து பிழைக்கிறோம்? எனக்கு இதுதான் உரைகல்.

2020இல் வந்த ‘கிளவுட்பங்க்’கில் நீங்கள் ரானியா, பறக்கும் வண்டியில் பார்சல் கொண்டுபோகும் பெண். வேலையில் முதல் இரவு. பார்சலுக்குள் என்ன என்று கேட்கக்கூடாது, அதுதான் விதி. நம் புளோக் லிஃப்டில் நள்ளிரவில் உணவுப் பையோடு நிற்பவர்களைப் பார்த்திருந்தால் அந்த இரவு சட்டென்று பிடிபடும். வெனிசுவேலாக்காரர்கள் செய்த ‘வால்ஹல்லா’வில் (2016) சண்டையே கிடையாது. பானம் கலக்கிக் கொடுத்து, வருகிறவர்களின் கதையைக் கேட்கவேண்டியதுதான். அருமையான எழுத்து!

இத்தகையவை மெதுவாகத்தான் சூடுபிடிக்கும், முதல் ஒரு மணி நேரத்தை ஒரே மூச்சில் ஆடிவிடுங்கள். பிடிக்காவிட்டால், வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணியைத் தாண்டாதவரை, ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.