உசிக்கா, அலியா? வேறு வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரர்களை ஒப்பிடுவது எப்படி

2025 ஜூலை 19, லண்டன் வெம்ப்ளி அரங்கம். உக்ரைனின் ஹெவிவெயிட் வீரர், 38 வயது ஒலெக்சாண்டர் உசிக் ஐந்தாவது சுற்றில் டேனியல் டுபுவாவை வீழ்த்தினார். 24 போட்டி, 24 வெற்றி. இப்படி ஒருவர் வந்துவிட்டாலே பேச்சு தொடங்கிவிடும்: பழைய சாம்பியன் முகமது அலியோடு மோதியிருந்தால்? ஜோ லூயிஸோடு? ராக்கி மார்சியானோவோடு?

எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இது. ஆனால் பெரும்பாலும் யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதோடு நின்றுவிடுகிறது. கொஞ்சம் முறையாக யோசித்தால் பழைய வீரர்களும் புதிதாகத் தெரிவார்கள். ஒரு நோட்டும் பழைய போட்டிகளின் வீடியோவும் போதும்.

படி 1: கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

"யார் சாதித்தது அதிகம்?" என்பது ஒரு கேள்வி. "இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார்?" என்பது வேறு கேள்வி. ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப்பிரிவு) பட்டத்தை வைத்திருந்து 25 முறை தக்கவைத்தார். 1941இல் மட்டும் ஏழு முறை. முதல் கேள்வியில் அவரை நெருங்குவது கடினம். அதனாலேயே அவர் உசிக்கை வீழ்த்திவிடுவார் என்று ஆகிவிடாது. நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

படி 2: போட்டி நாளின் எடையை எழுதுங்கள்

"இன்றைய ஹெவிவெயிட்காரர்கள் எல்லாம் ராட்சதர்கள், பழையவர்கள் தாங்க மாட்டார்கள்" என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். டைசன் ஃப்யூரி விஷயத்தில் அது சரி. 2024 டிசம்பரில் அவர் எடை 281 பவுண்டு. அன்று அவரை வென்ற உசிக்கின் எடை 226தான்.

அலியின் உயரம் 6 அடி 3 அங்குலம், கைநீட்டம் 78 அங்குலம். உசிக்கின் அளவும் அதேதான்! 1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மனோடு மோதியபோது அலி 216½ பவுண்டு. 2021இல் ஆந்தனி ஜோஷுவாவோடு மோதியபோது உசிக் 221¼. ஐந்து பவுண்டுகூட வித்தியாசம் இல்லை.

மார்சியானோ 180களில் இருந்தவர். இன்று 200 பவுண்டு வரை க்ரூஸர்வெயிட். அந்தப் பிரிவே 1980 வாக்கில்தான் வந்தது. இன்று இருந்திருந்தால் மார்சியானோ அங்கேதான் மோதியிருப்பார். 2018இல் அந்தப் பிரிவின் நான்கு பெல்ட்டுகளையும் (நான்கு அமைப்புகளின் உலகப் பட்டங்கள்) சேர்த்துப் பிடித்தவர் உசிக். ஆகவே அவரை மார்சியானோவோடு ஒப்பிடும்போது க்ரூஸர்வெயிட் உசிக்கை எடுத்துக்கொள்வதே நியாயம்.

படி 3: எந்த விதியில் மோதுகிறார்கள்?

புதிதாக வருபவர்கள் தவறாமல் விட்டுவிடுவது இதைத்தான். அந்தக் காலத்தில் பட்டப் போட்டி 15 சுற்று. 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் காயத்தால் இறந்தார். அதன் பிறகுதான் பட்டம் வழங்கும் அமைப்புகள் ஒவ்வொன்றாக 12 சுற்றுக்கு இறங்கின.

மூன்று சுற்றில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 1952 செப்டம்பர், ஃபிலடெல்ஃபியா: ஜெர்ஸி ஜோ வால்காட்டை மார்சியானோ 13ஆவது சுற்றில் ஒரே வலக்கை அடியில் சாய்த்து சாம்பியன் ஆனார். 12 சுற்று முடிந்தபோது புள்ளிகளில் அவர் பின்தங்கியிருந்தார். இன்றைய விதிப்படி வால்காட் கை உயர்ந்திருக்கும், உலகமே சொல்லும் மார்சியானோவின் அந்த 49-0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) இருந்திருக்காது. 1941 ஜூனில் ஜோ லூயிஸ் பில்லி கானைச் சாய்த்ததும் 13ஆவது சுற்றில்தான். 12 முடிந்தபோது மூன்று மதிப்பெண் அட்டைகளில் இரண்டில் கான் முன்னிலை, ஒன்றில் சமம்.

இதனால் அவர்கள் சிறியவர்களாகிவிடவில்லை. 15 சுற்று என்று தெரிந்து அதற்கேற்ப மூச்சைச் சேமித்து மோதியவர்கள் அவர்கள். உங்கள் கற்பனைப் போட்டி 12 சுற்றா, 15 சுற்றா என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

படி 4: சாயல் எதிராளியைத் தேடுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையின் உயிர் இதுதான். அலி உசிக்கோடு மோதவில்லை. உசிக்கின் சாயல் உள்ள யாரோடாவது மோதினாரா? உசிக் சவுத்பா, அதாவது வலது காலை முன்வைத்து நிற்கும் இடக்கை வீரர்.

1966 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அலி மோதிய கார்ல் மில்டன்பெர்கர் அப்படி ஒரு சவுத்பா. அலி ஜெயித்தார், ஆனால் 12ஆவது சுற்று வரை போனது. அதே அலி இரண்டே மாதத்தில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வில்லியம்ஸ் மேல் சரமாரியாக விழுந்த ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து), இடக்கைக்காரர் முன்னால் அவ்வளவு சுலபமாக விழவில்லை. மில்டன்பெர்கரே இவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தார் என்றால், அதே நிலையில் நின்று ஓயாமல் கால் நகர்த்தும் உசிக்?

ஜோ லூயிஸுக்கு அந்தச் சாயல் எதிராளி பில்லி கான். வலக்கைக்காரர்தான், ஆனால் இலேசான உடம்பு, வேகமான கால்கள்.

படி 5: யாரை, எந்த வயதில் வென்றார்?

மார்சியானோ லூயிஸை வென்றபோது லூயிஸுக்கு 37 வயது. லாரி ஹோம்ஸ் அலியை வென்றபோது அலிக்கு 38. பெரிய பெயருக்குப் பக்கத்தில் வயதையும் எழுதிவிடுங்கள். கண்காட்சிப் போட்டிகள் கணக்கில் வராது. 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் அலி ஜிம்மி எல்லிஸோடு மோதியதும் அந்த வகைதான்.

படி 6: சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்

வர்ணனையாளர் நம் கண்ணை இழுத்துக்கொண்டு போவார். அதனால் ஒலி வேண்டாம். ஒரு சுற்று முழுக்கக் கால்களை மட்டும் பாருங்கள். உசிக்கின் வலது கால் எதிராளியின் இடது காலுக்கு வெளியே போய் நின்றதும், அடுத்து இடக்கை நேராக வரும். இரண்டு சுற்று பார்த்தால் நீங்களே முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள்.

அப்புறம், ஊமைப்பட காலத்துப் படச்சுருள்கள் வேறு வேகத்தில் எடுக்கப்பட்டவை. ஜாக் ஜான்சன், டெம்ப்ஸி எல்லாம் வெட்டி வெட்டி நகர்வதுபோலத் தெரிவது அதனால்தான். அதை வைத்து அவர்களை எடை போட வேண்டாம்.

படி 7: தீர்ப்பை எழுதுங்கள்

என் நோட்டில் இப்படி இருக்கிறது. 1966ஆம் ஆண்டு அலி, உசிக், 15 சுற்று: அலி, மிக நெருக்கமான புள்ளிகளில். மார்சியானோ, க்ரூஸர்வெயிட் உசிக், 12 சுற்று: உசிக், புள்ளிகளில். அதையே 15 சுற்றாக்கினால் என் பேனா நின்றுவிடுகிறது.

முதல் பயிற்சிக்கு இவாண்டர் ஹோலிஃபீல்டை எடுங்கள். க்ரூஸர்வெயிட், ஹெவிவெயிட் இரண்டிலும் போட்டியில்லாத ஒரே சாம்பியனாக நின்றதில் உசிக்குக்கு முன்னோடி அவர்தான். அவரைவிடப் பெரிய உடம்பான ரிடிக் பௌவிடம் 1992இல் தோற்று, 1993இல் வென்றார். அந்த இரண்டையும் உசிக், ஃப்யூரியோடு மோதிய இரண்டையும் வரிசையாகப் பார்த்துவிட்டு உங்கள் முதல் பக்கத்தை எழுதுங்கள்.