அப்ரோச்சுக்குப் பட்டர் வாங்கும்போது செய்யும் தவறுகள்: வேலூர் கல்தரையில் எறிபவர்களுக்கு

தட்டு வடிவ டிஸ்கைச் சங்கிலி தொங்கும் கூடைக்குள், முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் போடும் ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். அதில் கூடைக்கு 10 மீட்டருக்குள் நின்று எறிவது பட்டிங். அதற்கு வெளியே, ஏறக்குறைய 20 மீட்டரிலிருந்து 60 மீட்டர் வரையிலான தூரத்தில், கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்குவதற்காக எறிவது அப்ரோச். இரண்டுக்குமே பட்டர் (putter) எனும், மெதுவாகப் பறக்கும் வகை டிஸ்கைத்தான் பலரும் கையில் எடுக்கிறார்கள். ஆனால் பட்டிங்கில் டிஸ்க் மெதுவாகப் போய்ச் சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழுகிறது. அப்ரோச்சில் அது வேகத்தோடு தரையில் மோதுகிறது.

வேலூர்ப் பக்கத்துத் தரை எப்படி என்று தெரியும்தானே? செம்மண்ணோடு சரளை, நடுநடுவே தலைநீட்டும் கருங்கல் பாறை, ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று ஊரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டு. பாலாற்று மணலில் விழுந்த டிஸ்கைத் தூசி தட்டி எடுத்துக்கொள்ளலாம். மலையடிவாரத்துப் பாறையில் விழுந்தால் விளிம்பில் காயம் நிச்சயம். வெளிநாட்டுப் புல்தரையை மனத்தில் வைத்து எழுதிய பரிந்துரைகளை நம்பி வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

"நீடித்து உழைக்கும் பட்டர்" என்றால் உடையாத பட்டர் என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு. பட்டர் அவ்வளவு சுலபமாக உடையாது. அதன் விளிம்பு தடிப்பாகவும் மழுங்கலாகவும் இருக்கும், வேகமும் குறைவு. உடைவதற்கு வெகு முன்பே அது பறக்கும் பாதை மாறிவிடும். வலது கையால் பேக்ஹேண்ட், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கம் வீசி, எறிபவருக்குப் புது பட்டர் நேராகப் போய், வேகம் குறையும்போது கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். கல்லில் அடிவாங்கி விளிம்பின் வடிவம் மாற மாற, அந்தச் சாய்வு குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் அதே வீச்சுக்கு டிஸ்க் வலப்பக்கம் திரும்ப ஆரம்பித்துவிடும். டிஸ்க் முழுசாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இப்போது வேறு டிஸ்க். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இது எத்தனை நாள் உடையாமல் இருக்கும் என்பதைவிட, இது எத்தனை நாள் ஒரே மாதிரி பறக்கும் என்பதுதான்.

இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். ஒரே மாடலைக் கம்பெனிகள் பல பிளாஸ்டிக்குகளில் போடுகின்றன. இன்னோவாவின் டிஎக்ஸ், டைனமிக் டிஸ்க்ஸின் பிரைம், எம்விபியின் எலக்ட்ரான் போன்றவை அடிப்படை ரகம். விலை குறைவு, கையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். இன்னோவாவின் சாம்பியன், ஸ்டார், டிஸ்கிராஃப்டின் இஎஸ்பி, இசட், எம்விபியின் நியூட்ரான், காஸ்டாபிளாஸ்டின் கே1 ஆகியவை மேல் ரகம். இவற்றில் பெரும்பாலானவை பாலியூரிதேன் சார்ந்தவை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: டிபியு எனும் பாலியூரிதேன் சோலுக்கும் மலிவான பிவிசி சோலுக்கும் தேய்மானத்தில் என்ன வித்தியாசமோ, இங்கேயும் கிட்டத்தட்ட அதே வித்தியாசம்தான்.

இதில் ஒரு குழப்பம் வருகிறது. கையில் அழுத்திப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் உழைக்கும், வளைந்தால் உழைக்காது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். கெட்டித்தன்மை வேறு, தேய்மானம் தாங்குவது வேறு. கெட்டியான அடிப்படை ரகம் பாறையில் பட்டால் விளிம்பு செதுக்கினாற்போலப் பெயரும், பிசிறு தூக்கும். மென்மையான மேல் ரகம் அதே அடியில் வளைந்துகொடுத்துத் திரும்பவும் தன் வடிவத்துக்கு வந்துவிடும். நம் தரைக்கு இன்னொரு காரணத்துக்காகவும் மென்மையான மேல் ரகம் நல்லது. கோடையில் இறுகிப்போன மண்ணில் கெட்டியான, வழவழப்பான டிஸ்க் விழுந்த இடத்தில் நிற்காது, சறுக்கிக்கொண்டு கூடையைத் தாண்டிப் போய்விடும். மென்மையானது தரையைக் கொஞ்சம் பற்றிக்கொள்ளும். அப்ரோச்சில் எறிந்த இடத்திலேயே டிஸ்க் உட்கார வேண்டும், அதுதானே காரியம்?

சரி, மேல் ரகமே வாங்கலாம் என்று முடிவு செய்தபின் நடக்கும் தவறு: அடிப்படை ரகத்தில் பழகிய மாடலின் பெயரையே பார்த்து மேல் ரகத்தில் வாங்கிவிட்டு, அப்படியே பறக்கும் என்று எதிர்பார்ப்பது. அச்சு ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஆறும்போது சுருங்கும் அளவு வேறு. அதனால் மேற்பரப்பின் மேடும் விளிம்பின் உயரமும் கொஞ்சம் மாறும். மேல் ரகத்தில் வரும் பல பட்டர்கள் இன்னும் கூடுதலாக இடப்பக்கம் சாயும். அது குறையில்லை. அப்ரோச்சுக்கு அது வசதிகூட. தெரிந்துகொண்டு வாங்கினால் போதும்.

டிஸ்கின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களை வாசிப்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். வரிசையாக வேகம், கிளைடு (மிதக்கும் தன்மை), டர்ன் (வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்புவது), ஃபேட் (வேகம் குறையும்போது இடப்பக்கம் சாய்வது). இன்னோவா ஏவியருக்கு 2, 3, 0, 1. டிஸ்கிராஃப்ட் ஜோனுக்கு 4, 3, 0, 3. காஸ்டாபிளாஸ்ட் பெர்குக்கு 1, 1, 0, 2. கடைசி எண் குறைவாக இருந்தால் நேராகப் போகும், அதுவே நல்லது என்று புதிதாக ஆடுபவர்கள் நினைக்கிறார்கள். இந்த எண்கள் புது டிஸ்குக்கு உரியவை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஃபேட் 1 உள்ள டிஸ்க் கொஞ்சம் தேய்ந்தாலே வலப்பக்கம் போகும் நிலைக்கு வந்துவிடும். ஃபேட் 3 உள்ளது தேய்ந்தாலும் நேராகப் போகும் நிலையில் ரொம்ப நாள் நிற்கும். கல்தரையில் ஆடுபவர் ஃபேட் 2 அல்லது 3 உள்ளதிலிருந்து தொடங்குவதே சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

காற்றும் இதே பக்கம்தான் பேசுகிறது. எதிர்க்காற்றில் டிஸ்க் உணரும் காற்று வேகம் கூடுவதால் அது மேலும் வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், தேய்ந்த ஏவியர் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? கிளைடு எண்ணையும் கவனியுங்கள். அது கூடினால் டிஸ்க் மிதந்துகொண்டே போகும், தூரத்தைக் கணிப்பது கஷ்டம். பெர்க் போல கிளைடு 1 உள்ளவை தொப்பென்று விழுந்துவிடும். தூரம் குறைவு, ஆனால் எங்கே விழும் என்பது தெரியும்.

அப்புறம் வெயில். அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். மூடிய கார் உள்ளேயோ டூவீலர் பெட்டியிலோ அதைவிட அதிகம். எந்த பிளாஸ்டிக்காக இருந்தாலும் அந்தச் சூட்டில் இளகும், மேலே பை அழுத்தினால் வளைந்தபடியே நின்றுவிடும். பாறையில் சேதமாவதைவிட இப்படிச் சேதமாகும் டிஸ்குகளை நினைத்தால்தான் எனக்கு வருத்தம், ஏனென்றால் இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. வளைந்துவிட்டால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு, சமமான தரையில் வைத்து ஆறவிட்டால் பெரும்பாலும் நேராகும். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் மேல் ரகங்கள் வியர்வைக் கையில் வழுக்கும் என்பதையும் இந்த ஊர்க்காரர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒளி ஊடுருவாத, கொஞ்சம் சொரசொரப்பான ரகம் நல்லது. பையில் துண்டு ஒன்று இருக்கட்டும்.

அல்டிமேட் ஃப்ரிஸ்பீ ஆடும் நண்பர்கள், கையில் இருக்கும் 175 கிராம் தட்டையே அப்ரோச்சுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எடை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அது சுமார் 27 சென்டிமீட்டர் அகலம், பட்டர் சுமார் 21. அகலமான, மெல்லிய தட்டு காற்றில் மிதக்கும், அலையும். பழகுவதற்குப் பரவாயில்லை, பட்டருக்கு மாற்றாக ஆகாது. எடையைப் பொறுத்தவரை 170 கிராமுக்கு மேல் எதுவும் சரி. விளிம்பின் அடியில் வளையம் உள்ளதா இல்லாததா என்பது கை சொல்ல வேண்டிய விஷயம், இரண்டையும் பிடித்துப் பார்த்து எடுங்கள். ஏரிக்கரையில் ஆடினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மேல் ரக பட்டர்கள் தண்ணீரில் மூழ்கும். மிதப்பதற்கென்றே செய்யப்பட்ட இன்னோவா ஹைட்ரா போன்றவை விதிவிலக்கு.

பட்டிங்குக்கும் அப்ரோச்சுக்கும் ஒரே டிஸ்கை வைத்துக்கொள்வதை மட்டும் எப்படியாவது விட்டுவிடுங்கள். செலவு கையைக் கடிக்கும் என்பது புரிகிறது. ஆனால் இரண்டு டிஸ்க் வாங்கப் பணம் இருந்தால், அடிப்படை ரகத்தில் ஒன்றைச் சங்கிலிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மேல் ரகத்தில் ஃபேட் கூடிய ஒன்றைத் தரைக்கு விடுங்கள். முதலாவது பல வருஷம் வரும். ஒன்றுக்குத்தான் பணம் என்றால் மேல் ரகத்தையே வாங்குங்கள்.

பிசிறு தூக்கிய விளிம்பைத் தேய்க்கலாமா என்று கேட்பார்கள். கீறலையும் பிசிறையும் நீக்கும் அளவுக்கு உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கச் சர்வதேச விதியே அனுமதிக்கிறது. பறக்கும் பாதையை மாற்றும் அளவுக்குச் செதுக்கினால் போட்டியில் செல்லாது. விரிசல் விட்ட டிஸ்கும் செல்லாது, எனவே வாரம் ஒருமுறை விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிடுங்கள்.