கேட்பது அந்த இரவையா, அந்த டேப்பையா?

அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் 1965 முதல் 1995 வரை மேடையேறியது. ஒரு பாட்டை ஒருநாள் வாசித்தபடி மறுநாள் வாசித்ததில்லை. ரசிகர்கள் பதிவுசெய்வதையும் பெரும்பாலும் தடுக்கவில்லை. 1984-இல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. ஒரே பாட்டுக்கு இத்தனை பதிவுகள் குவிந்ததும் அதனால்தான். புதிதாக ஒப்பிடத் தொடங்குபவர்கள், பழகியவர்கள் எல்லாம் முன்பு சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். தேதியை மாற்றி எழுதுவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

சுருதியைப் பார்க்காமல் வேகத்தைப் பேசுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஓர் இளம் நண்பர் 'ஸ்கார்லெட் பெகோனியாஸ்' பாட்டின் இரண்டு பதிவுகளைக் கொண்டுவந்தார். ஒன்று துள்ளுகிறது, மற்றொன்று தூங்கி வழிகிறது என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். முதல் கிட்டார் தனியாவர்த்தனத்துக்குச் சற்று முன்னால் கூட்டத்தில் ஒருவர் நீளமாக விசிலடிக்கிறார். இரண்டிலும் அதே விசில், அதே இடத்தில். தேதிதான் வேறு வேறாக எழுதப்பட்டிருந்தது, கச்சேரி ஒன்றே. துள்ளியது குழு அல்ல, டேப்.

கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அரங்கில் பதிவுசெய்தவரின் கருவியில் பேட்டரி இறங்கினால் மோட்டார் மெதுவாகும். அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது பாட்டு விரைந்து ஓடும், சுருதியும் ஏறும். பிறகு ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுக்கும்போது ஒவ்வொரு கேசட் டெக்கும் தன் பிழையையும் சேர்க்கும். வேகம் 3 சதவீதம் கூடினாலே 25 நிமிட வாசிப்பில் முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காணாமல் போய்விடும். காதுக்கு அது உற்சாகமாகவே கேட்கும். ஏமாற்றுவதும் அந்த உற்சாகம்தான்.

சோதிப்பது எளிது. 'ஸ்கார்லெட் பெகோனியாஸ்' பாட்டின் ஆதார சுருதி நம் கணக்கில் ஏழு கட்டை. சுருதிப் பெட்டியை ஏழு கட்டையில் வைத்துப் பதிவோடு ஒலிக்க விடுங்கள். 3 சதவீதம் வேகமான டேப், ஏழு கட்டைக்கும் அதற்கடுத்த மேல் ஒரு கட்டைக்கும் நடுவில் தொங்கி நின்று காதை அறுக்கும். பாட்டின் தொடக்கத்தில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை பாருங்கள். பேட்டரி இறங்கிய பதிவில் சுருதி போகப்போக ஏறிக்கொண்டே இருக்கும். கணினியில் திருத்தும்போது வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்க வேண்டும். சுருதியை மட்டும் இறக்கினால் பொய் வேகம் அப்படியே தங்கிவிடும். இதைச் செய்யாமல் எந்த இரவையும் "விறுவிறுப்பானது" என்று எழுதாதீர்கள்.

சவுண்ட்போர்டு பதிவை வேதவாக்காக எடுப்பது

சின்ன அரங்கில் கிட்டார் பெருக்கியின் ஒலியே கூட்டம் முழுவதையும் எட்டிவிடும். மேடை ஒலிகளைக் கலந்து அரங்கின் ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் மிக்சர் (அதுதான் சவுண்ட்போர்டு) வழியாக அதை அதிகம் அனுப்பத் தேவையில்லை. எனவே மிக்சரிலிருந்து எடுத்த பதிவில் குரல் முன்னால் நிற்கும், கிட்டார் அடங்கிக் கேட்கும். அதை வைத்துக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா அன்று தயங்கி வாசித்தார் என்று தீர்ப்புச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே இரவின் ரசிகர் பதிவு கிடைத்தால், முதலில் அதைக் கேளுங்கள்.

ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடுவது

உரக்க ஒலிப்பதே எப்போதும் ஜெயிக்கும்.

மேடையில் யார் இருந்தார்கள் என்று பார்க்காதது

குழுவின் இரண்டு டிரம் கலைஞர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் 1971 பிப்ரவரியில் விலகினார். 1974 அக்டோபரில்தான் மீண்டும் மேடைக்கு வந்தார். 1972-இன் ஒற்றை டிரம்மையும் 1977-இன் இரட்டை டிரம்மையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 1972 ஆகஸ்ட் 27 அன்று ஓரிகனின் வெனீட்டாவில் அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடிய 'டார்க் ஸ்டார்', இரண்டு டிரம்களோடு அப்படி வளைந்து திரும்பியிருக்காது என்பது என் எண்ணம்.

கார்னெலில் தொடங்குவது

1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். அருமையான கச்சேரி, சந்தேகமில்லை. ஆனால் அதன் புகழில் பாதி, அதைப் பதிவுசெய்த ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்ட்டர்-ஜாக்சனின் திறனுக்குச் சேர வேண்டும். அந்தத் தெளிவைக் கேட்டுப் பழகிய காதுக்கு, இரைச்சல் படிந்த டேப்பில் இருக்கும் நல்ல வாசிப்பு எட்டாது. முதல் சில மாதங்களுக்கு அதைத் தள்ளி வையுங்கள்.