குன்னூர் வீட்டுக்கு எந்த ஆம்ப்?

அக்கா மகனுக்கு கோவையில் வேலை. சனி, ஞாயிறு மட்டும் மேலே வருவான். மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை என் முன்னால் வந்து நின்றான். "மாமா, கிடாருக்கு டியூப் ஆம்ப் வாங்கப்போறேன். எது வாங்கலாம்?"

மல்டிமீட்டரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "சாயங்காலம் ஏழு மணிக்கு உங்க வீட்டு பிளக் பாயிண்ட்ல எவ்வளவு வருதுன்னு எழுதிட்டு வா. அப்புறம் பேசலாம்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. டோன் பற்றிப் பேச வந்தவனிடம் கரண்ட் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

மதியம் 226 வோல்ட், இரவு ஏழரைக்கு 184 என்று எழுதி வந்தான். கோத்தகிரி ரோட்டில், லைன் கடைசியில் இருக்கும் வீடு. ஊரே ஹீட்டரும் கீசரும் போடுகிற நேரம். இந்த 184தான் விஷயமே. டியூப் என்பது பழைய ரேடியோவில் இருந்த கண்ணாடிக் குழாய்தான். அதற்குள் இருக்கும் ஹீட்டர் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும். பத்து சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும். சுவரில் 230 இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் 6.3 தரும், 184 இருந்தால் 5 வோல்ட்டுதான் தரும். இழை சரியாகச் சூடாகாது, சத்தம் சோகை பிடித்த மாதிரி வரும், நாள்பட டியூபும் கெடும். ஆகவே இங்கே டியூப் ஆம்ப் வாங்குகிறவர் அதன் விலையோடு ஒரு நல்ல ஸ்டெபிலைசர் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். 15 வாட், 30 வாட் ஆம்புக்கு 500 விஏ அளவு ஸ்டெபிலைசர் போதும். கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டர் பழைய சதுர அலை ரகம் என்றால் அதில் ஆம்பை மாட்டவே மாட்டாதீர்கள். ங்ங்ங் என்று வண்டு கத்தும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பரவாயில்லை.

மீட்டர் கையில் இருக்கும்போதே எர்த்தையும் பார்த்துவிடுங்கள். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று துளையில் மேலே பெரிதாக இருப்பது எர்த். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய முழு வோல்ட்டேஜ் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. கிடாரின் கம்பி ஆம்ப் வழியாக எர்த்தில்தான் போய்ச் சேர்கிறது. எர்த் இல்லாத ஹாலில் பாட வாய் திறந்து, மைக்கில் உதடு பட்டு, சுரீர் என்று வாங்கியவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். இரைச்சல் குறைகிறது என்று எர்த் பின்னை வெட்டிவிடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு மேடை ஏறாதீர்கள்.

சரி, இப்போது சத்தத்துக்கு வருவோம்.

என் அப்பா வால்வு ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். நாம் டியூப் என்பதைத்தான் அவர் வால்வு என்பார். கிடாரிஸ்டுகள் 12ஏஎக்ஸ்7 என்று கொண்டாடுவதும் அவர் டப்பாவில் ஈசிசி83 என்று எழுதியிருந்ததும் ஒன்றேதான். ஒன்று அமெரிக்கப் பெயர், மற்றது ஐரோப்பியப் பெயர். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வுகளும் அந்த டப்பாவில் கிடந்தன. எத்தனை ஆம்புக்கு ஆகியிருக்கும்! பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோம். அதை இப்போது பேசி என்ன.

டியூபின் சுகம் அது திணறும்போதுதான் தெரியும். மெதுவாக வாசித்தால் தெளிவாக வரும். ஓங்கி அடித்தால் அலையின் உச்சியை டியூப் மெல்ல வளைத்து மழுக்கும். சத்தம் கிழியாமல் கனக்கும், விரலின் அழுத்தம் அப்படியே காதுக்கு வரும். டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் எல்லை வரை சுத்தமாகப் போகும்; எல்லை தாண்டியதும் அலையைக் கத்தியால் சீவிவிடும். அது காதுக்கு ஆகாது. "15 வாட் டியூப் 50 வாட் டிரான்சிஸ்டருக்குச் சமம்" என்று கடையில் சொல்வது இதனால்தான். வாட் எல்லாம் ஒரே வாட்தான். டியூபை எல்லை தாண்டி ஓட்டினாலும் கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவே.

சிக்கல் என்னவென்றால், அந்தத் திணறல் வர ஆம்பை முறுக்க வேண்டும். வாட்டைப் பத்து மடங்கு கூட்டினால்தான் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும். திருப்பிப் போட்டால், 50 வாட்டை விட்டு 5 வாட் வாங்கினாலும் சத்தம் பாதிதான் குறையும். நல்ல 12 அங்குல ஸ்பீக்கரில் 1 வாட் விட்டாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97, 98 டெசிபெல் வந்துவிடும். 15 வாட்டுக்கு அதன்மேல் இன்னும் 12. எங்கள் சர்ச் ஹாலில் டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்க 15 வாட் தாராளம். லைன் வீட்டில், ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா படுத்திருக்க, அது நடக்குமா? வால்யூமை ஒன்றில் வைத்துக்கொண்டு டியூப் ஆம்ப் வாசிப்பது மேட்டுப்பாளையம் சாலையில் முதல் கியரில் கார் ஓட்டுவது போல. வண்டி உங்களுடையதுதான், ஓட்டிய திருப்தி இருக்காது.

அக்கா மகனுக்கு நான் சொன்னது: மாடலிங் ஆம்ப் வாங்கு, டியூபின் சத்தத்தை டிஜிட்டலில் அச்சாக எடுத்துத் தரும் ரகம். 1998இல் லைன் 6 கம்பெனியின் பாட் என்ற, சிவப்பு அவரைக்கொட்டை மாதிரியான மாடலிங் பெட்டி வந்தபோது நானும் சிரித்தவன்தான். இப்போது சிரிப்பதில்லை. டியூப் சர்க்யூட் என்ன செய்யுமோ அதைக் கணக்காகப் போட்டுத் தருகிறது. பாஸ் கம்பெனியின் கட்டானா 50 போன்ற பெட்டியில் பவரை அரை வாட்டுக்கு இறக்கிக்கொள்ளலாம். பெரியம்மா தூங்குவார்.

இதில் அவன் இரண்டு தப்பு செய்தான், எல்லோரும் செய்வது. ஒன்று, புளூடூத் இயர்போன் போட்டு வாசித்தது. சத்தம் ஒரு மீட்டர் காற்றில் வரவே 3 மில்லிசெகண்ட் ஆகும். நல்ல மாடலிங் பெட்டியின் தாமதம் அந்த அளவில்தான் இருக்கும். சாதாரண புளூடூத்தில் அது 100ஐத் தாண்டிவிடும். தாளம் எங்கோ போகும். ஒயர் உள்ள ஹெட்போனே வேண்டும். இரண்டாவது, காலால் மிதிக்கும் மாடலிங் பெடலிலிருந்து நேராக சர்ச் மிக்சருக்குக் கொடுத்தபோது, கிடார் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷனை அணைத்துவைத்திருந்தான். தீப்பெட்டிக்குள் குளவி போல ஒலித்தது. கிடார் ஸ்பீக்கர் மேல்சுருதி இரைச்சலைத் தானே வடிகட்டிவிடும். மிக்சருக்குப் போகும்போது அந்த வேலையை சிமுலேஷன் செய்ய வேண்டும். அதையே கிடார் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும்போது அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை வடிகட்டி, கம்பளிக்குள் வாசித்த மாதிரி ஆகும்.

வெறும் டிரான்சிஸ்டர் ஆம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமான சத்தம் போதும், கரகரப்பைப் பெடலில் எடுத்துக்கொள்வேன் என்பவருக்கு அதுவே சரி. 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 இன்றும் அப்படித்தான் விற்கிறது. தூக்கும்போது மட்டும் துணைக்கு ஆள் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் டியூப்தான் என்பவருக்கு, இந்த மலைக்கென்று சில வழிகள். பக்கத்தில் பார்க்க ஆள் கிடையாது. கோவைக்குத்தான் இறங்க வேண்டும். அதனால் கேத்தோடு பயாஸ் உள்ள, அதாவது டியூபில் ஓடும் கரண்டைத் தானே சரிசெய்துகொள்ளும், இஎல்84 டியூப் போட்ட சிறிய ஆம்ப் வாங்குங்கள். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப் தேய்ந்தால் ஜோடி பொருந்திய புதியதைச் செருகினால் பொதுவாகப் போதும். 6எல்6, இஎல்34 என்ற பவர் டியூப் போட்ட பெரிய ஆம்புகளில் பெரும்பாலும் பயாஸை மீட்டர் வைத்துத் திருத்த வேண்டியிருக்கும். அதை நீங்கள் செய்யாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். ஆளைக் கொல்லும். அப்பா செட்டைத் திறந்தால், ஷாக் அடித்தாலும் கைக்குக் கை நெஞ்சு வழியாகப் போகக்கூடாது என்று, இடது கை எப்போதும் பாக்கெட்டில்தான்.

ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் டியூப் ஆம்பைப் போடவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். டிரான்சிஸ்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் பாதகமில்லை, ஸ்பீக்கரின் தடை ஆம்பில் சொன்ன ஓமுக்குக் கீழே இறங்கினால்தான் ஆபத்து. டிசம்பர் பனியில் ஜீப்பில் வந்த ஆம்பைச் சூடான ஹாலுக்குள் கொண்டுபோனதும் ஸ்விட்ச் போடாதீர்கள். மூக்குக்கண்ணாடியில் பூக்கும் அதே ஈரம் உள்ளேயும் பூக்கும். அரை மணி நேரம் சும்மா விடுங்கள். வீட்டில் பிளாஸ்டிக் உறை வேண்டாம், துணி உறை போதும். முன்பெல்லாம் பூஞ்சைக்கு பயந்து பீரோவுக்குள் ஜீரோ வாட் பல்பு எரியவிடுவோம். பெயர்தான் ஜீரோ, பத்துப் பதினைந்து வாட் இழுக்கும், அந்தச் சூடுதான் மருந்து. இப்போது வரும் எல்இடி ஜீரோ பல்பில் சூடே கிடையாது. சிலிக்கா ஜெல்தான் கதி.

பழைய ஆம்ப் வாங்கப் போனால் முதலில் பின்பக்க எழுத்தைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் சுவரில் செருகிய அடுத்த நொடி முடிந்தது. நான் அப்படி ஒன்றை முடித்திருக்கிறேன். அடுத்து டியூபின் உச்சியைப் பாருங்கள். உட்புறம் கண்ணாடி போலப் பளபளவென்று வெள்ளிப் பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, டியூப் செத்தது. ஆன் செய்து பத்து நிமிடம் விடுங்கள். கண்ணாடி ஓரம் நீலமாக மினுங்கினால் பயமில்லை. உள்ளே தகடு சிவந்து பழுத்தால் உடனே அணையுங்கள். பிறகு வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு சின்ன டியூபையும் மெல்லத் தட்டுங்கள். டொக் என்று லேசாகக் கேட்பது சரி. மணி அடித்தது போல நீண்டு ஒலித்தால் அதை மாற்றும் விலையைப் பேரத்தில் கழித்துவிடுங்கள்.

வாங்கியாயிற்று என்றால் மேலே கொண்டுவருவது கடைசி வேலை. ஒருமுறை கீழிருந்து வந்த என் ஆம்பில், வளைவுக்கு வளைவு ஆடி, ஒரு பவர் டியூப் சாக்கெட்டைவிட்டுக் கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. அதிலிருந்து, ஆம்ப் நன்றாக ஆறிய பிறகு பவர் டியூபை மட்டும் உருவி, எது எந்த சாக்கெட் என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டி, ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். பஸ்ஸில் வந்தால், பர்லியாரில் டீ குடிக்க இறங்கும்போது அதைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்காதீர்கள். யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.