சிபாப் மெஷின் வாங்குமுன் மாஸ்க்கைப் பாருங்கள்

தூக்கப் பரிசோதனை அறிக்கையும் மருத்துவர் எழுதிய அழுத்த அளவும் கையில் இல்லாமல் சிபாப் (தூக்கத்தில் மூச்சு அடைபடாமலிருக்க மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் மெஷின்) வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலான மெஷின்கள் 4 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தம் வரை தரும். மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு அதிகம் அடைபடுகிறதா? தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ சிபாப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மெஷினைப் பாதியில் கைவிடுபவர்கள் பலருக்கும் தொல்லை மாஸ்க்கில்தான். உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்தால் போதாது. உங்கள் அழுத்தத்தில் காற்றை ஓடவிட்டு, மல்லாந்தும் ஒருக்களித்தும் 15 நிமிடம் படுத்துப் பாருங்கள். கண்ணோரம் காற்று அடித்தால் அந்த அளவு உங்களுக்கு இல்லை. வாரை இறுக்கிச் சமாளிக்கப் பார்த்தால் மூக்குத்தண்டில் புண் வரும், சிலிகான் மடிந்து கசிவும் கூடும். வாய் திறந்து தூங்குபவர்களுக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் தேவைப்படலாம்.

ஈரமூட்டி உள்ளதையே எடுங்கள். இல்லாவிட்டால் தொண்டை காய்ந்துவிடும். அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், தினமும் மாற்றுங்கள். குழாய்க்குள் தண்ணீர் களகளத்தால் ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள்.

இன்னொன்று: கசிவையும் மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபட்டது என்பதையும் மெஷின் பதிய வேண்டும். மூச்சு தடைபட்ட அந்த எண்ணிக்கை பொதுவாக 5க்குக் கீழே இருக்க வேண்டும்.