மாத்திரைப் பெட்டி வாங்குவதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்க, வயதான அப்பா அம்மா மட்டும் தனியாக இருக்கிற வீடுகள் நம் குமரி மாவட்டத்தில் நிறைய. லீவுக்கு வருகிற பிள்ளை ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, எல்லா மாத்திரைகளையும் அட்டையிலிருந்து உரித்து, காலை மதியம் இரவு என்று குழி குழியாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். நானும் அப்படித்தான் செய்தேன். குலசேகரம் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவில் அத்தையின் வீடு. ஜூன் மாதம், மழை விட்டபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை நிரப்பிக் கொடுத்தேன், புதன்கிழமை போன் வந்தது. "மக்கா, இந்த வலிப்பு மாத்திர வெல்லம் மாதிரி ஒட்டுது, திங்கவா வேண்டாமா?"

அது சோடியம் வால்ப்ரோயேட். காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும் மருந்து. தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டுமே பெய்கிற ஊரில் அதை அட்டையை விட்டு வெளியே எடுத்தது என் தவறு. அதனால் பெட்டி எந்த நிறம், எத்தனை குழி என்று பார்ப்பதற்கு முன்னால், மாத்திரை எந்த அட்டையில் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குமிழ், பின்பக்கம் மெல்லிய அலுமினியத் தாள் என்றால் அது பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த அட்டை. விலை குறைவு, ஆனால் ஈரம் மெதுவாக உள்ளே போகும், வெளிச்சமும் போகும். வெளிச்சம் ஆகாத மருந்துக்கு அந்தக் குமிழே பழுப்பு நிறத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளியாக, மேடு மேடாக, கையில் கெட்டியாக இருந்தால் அது அலு-அலு, அதாவது இரண்டு பக்கமும் அலுமினியம். ஈரமும் வெளிச்சமும் கிட்டத்தட்ட நுழையவே முடியாது. இரண்டு தாளையும் சேர்த்து ஒட்டி, கிழித்து எடுக்கிற மாதிரி இருப்பது ஸ்ட்ரிப், அதுவும் நல்ல காப்புதான். அலு-அலு போடுவதற்குக் கம்பெனிக்குச் செலவு அதிகம். அவ்வளவு செலவு செய்து மூடியிருக்கிறார்கள் என்றால் அந்த மருந்துக்கு அது தேவையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, உரிக்காமல் விடுங்கள்.

சில மருந்துகளை எந்தக் காரணத்துக்காகவும் பெட்டிக்கு மாற்றக் கூடாது. சோடியம் வால்ப்ரோயேட் ஒன்று. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற டாபிகாட்ரான் கேப்சூல் இன்னொன்று, ஈரம் பட்டால் வீணாகிவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற நைட்ரோகிளிசரின் மாத்திரையை அது வந்த கண்ணாடிக் குப்பியிலேயே இறுக்கி மூடி வைக்க வேண்டும், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் வீரியம் போய்விடும். வாயில் போட்டவுடன் கரைகிற மாத்திரை, தண்ணீரில் நுரைக்கிற மாத்திரை, இவையும் பெட்டிக்கு மாற்றக் கூடாதவைதான். தைராய்டு மாத்திரை குப்பியில் வந்தால் குப்பியிலேயே இருக்கட்டும். வெறும் வயிற்றில் தனியாகச் சாப்பிட வேண்டியது என்பதால் மற்ற மாத்திரைகளோடு ஒரே குழியில் போடாமல் இருப்பது இன்னொரு விதத்திலும் நல்லது.

சரி, அப்படியென்றால் வேளை வேளையாக எப்படிப் பிரிப்பது? அட்டையோடு வெட்டிப் போடலாம் என்று தோன்றும். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். ஒற்றை ஒற்றையாக வெட்டிய துண்டை, கண் சரியாகத் தெரியாதவர்களும் மறதி உள்ளவர்களும் அட்டையோடு விழுங்கிவிடுகிறார்கள். அதன் கூர்மையான மூலை உணவுக்குழாயைக் கிழித்துவிடலாம். ஜப்பானில் இது அடிக்கடி நடந்ததால், 1996இல் அட்டைகளைத் தனித்தனியாகப் பிய்க்க முடியாதபடி மாற்றினார்கள். ஆகவே வெட்டினால் இரண்டிரண்டாக வெட்டுங்கள், மூலைகளைக் கத்தரியால் வளைவாக வெட்டி விடுங்கள், மறதி உள்ளவர்கள் என்றால் வெட்டவே வேண்டாம்.

அத்தைக்கு இப்போது நான் செய்வது இது. காலைக்கு மஞ்சள் டப்பா, இரவுக்கு நீல டப்பா. இரண்டிலும் முழு அட்டைகள். அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகக் கிழமையை மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவேன். ஞாயிறு, திங்கள் என்று வரிசையாக உரித்துக்கொண்டு போனால் சாப்பிட்டதா இல்லையா என்று அட்டையே சொல்லிவிடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அட்டை இப்படித்தான் வருகிறது. 28 நாளுக்கு ஒரு அட்டை, மாதத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டியது தனி இடத்தில், தினமும் சாப்பிட வேண்டியது வரிசையாக. உலக சுகாதார நிறுவனம் 1995 முதல் அதை இலவசமாகக் கொடுத்து வருகிறது. மாலா-டி என்ற கருத்தடை மாத்திரை அட்டையிலும் 21 மாத்திரைக்குப் பிறகு 7 இரும்புச்சத்து மாத்திரை, அதனால் கணக்கு விட்டுப்போகாது.

அட்டையை உரிக்கவே முடியாத கை என்றால், அதாவது வாதத்தால் விரல் மடங்கியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், அவர்களுக்கு ஏழு நாள் பெட்டிதான் வழி. அப்போது மருந்துக் கடையில் சீட்டைக் காட்டி, எதையெல்லாம் வெளியே எடுத்து ஒரு வாரம் வைக்கலாம் என்று ஒவ்வொரு பெயராகக் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடி 'டக்' என்று இறுகுகிற பெட்டியாகப் பாருங்கள், ஆனால் வாங்கும்போது சாப்பிடப் போகிறவர் கையிலேயே கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நமக்கு எளிதாகத் திறப்பது அவர்களுக்குத் திறக்காது. பேரப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீடு என்றால் பெட்டி உயரத்தில் இருக்க வேண்டும், இரும்புச்சத்து மாத்திரை குழந்தைக்கு விஷம்.

மெத்தோட்ரெக்சேட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுகிற மருந்து. தவறி தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதைத் தினசரி மருந்துகளின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். தனிக் கவர், மேலே பெரிய எழுத்தில் "புதன் மட்டும்" என்பது போல மருத்துவர் சொன்ன கிழமை, வீட்டில் வேறொருவர் எடுத்துக் கொடுக்கட்டும்.

பாதி மாத்திரை சொல்லியிருந்தால் முன்கூட்டியே உடைத்து வைக்க வேண்டாம், அன்றன்றைக்கு உடையுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்எல், ஈஆர் என்று இருந்தால் அது மருந்தை மெதுவாக வெளியே விடுகிற மாத்திரை, மருத்துவரைக் கேட்காமல் உடைக்கவே கூடாது. மூச்சுத் திணறலுக்கு நெபுலைசரில் ஊற்றுகிற சின்னக் குப்பிகள் ஏற்கெனவே ஒருவேளைக்கான அளவுதான். அவற்றை வெள்ளி உறையிலேயே வைத்திருங்கள், புடெசோனைடு என்ற மருந்து என்றால் உறையைத் திறந்த தேதியை எழுதி 2 வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

டப்பாவை அடுப்படியிலும் குளியலறைப் பக்கமும் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லாத மாத்திரையை அங்கேயும் வைக்க வேண்டாம், வெளியே எடுக்கும்போது வேர்த்து ஈரமாகும். அப்புறம், அட்டையை வெட்டினால் காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அச்சிட்ட ஓரம் பெரும்பாலும் ஒரு முனையில்தான் இருக்கும். அந்த முனையைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். மாத்திரை தீர்ந்த பிறகும் அந்தத் துண்டுகளை ஒரு கவரில் போட்டு டப்பாவிலேயே வையுங்கள். திடீரென்று ராத்திரியில் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால், மருத்துவர் முதலில் கேட்பது என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதைத்தான், அந்தக் கவரை அப்படியே கையில் கொடுத்துவிடலாம்.